துடுப்புப் பலகை வாங்குமுன் அகலம் பாருங்கள்

மளிகைக்காரருக்கு அலைப்பலகை எதற்கு என்று கேட்பீர்கள். 2013ல் கோவளத்தில் அலைச்சறுக்கு விழா தொடங்கியதிலிருந்து கொரட்டூர்ப் பிள்ளைகளும் ஞாயிறு தவறாமல் அங்கே போகிறார்கள். நின்றுகொண்டே துடுப்பு போடும் பலகை சொந்தமாக வேண்டும் என்கிறார்கள். பணம் எடுப்பது நம் கல்லாவிலிருந்துதானே!

விலை மலிவு என்று 28 அங்குல அகலத்தில் ஒன்று வாங்கி நாம் ஏமாந்தோம். அது வேகமாகப் போகிறவர்களுக்கானது. கோவளத்துக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டின் அமைதியான கழிமுகத் தண்ணீரிலேயே பேரன் நாலு முறை விழுந்தான். இப்போது அது கிடங்கில் சாய்ந்து கிடக்கிறது.

மூட்டை அடுக்குகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: அடிவரிசை அகலமாக இருந்தால்தான் அட்டி சாயாது. புதிதாகப் பழகுகிறவருக்கு 32 முதல் 34 அங்குல அகலம், 10 முதல் 11 அடி நீளம் நல்லது. அடுத்தது கொள்ளளவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 80 கிலோ ஆளும் 10 கிலோ பலகையும் மிதக்க 90 லிட்டர் போதும். ஆனால் ஆடாமல் நிற்க அது போதாது. ஆள் எடைக்கு இரு மடங்கு, அதாவது 160 லிட்டராவது பார்க்க வேண்டும்.

அதே பலகை அலைக்கும் ஆகுமா? முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் ஆகும். தட்டை முனை, அலையில் இறங்கும்போது தண்ணீருக்குள் குத்திவிடும். அகலப் பலகை திரும்புவதில் மந்தம்தான், பழகும்வரை பொறுக்கலாம். காற்றடைக்கும் வகையைச் சுருட்டிப் பரணில் வைக்கலாம், காற்று குறைந்தால் நடுவில் தொய்யும். துடுப்பு, கால்கயிறு, மிதவைச் சட்டை விலையில் அடக்கமா என்று கேட்டபிறகே பேரம் முடியுங்கள்.