பாப்பா வர்றதுக்குள்ள வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறீங்களா? பழைய ஜன்னலைத் தேய்க்கும் முன் இதைப் படிங்க

கட்டுச்சோறு விருந்து முடிந்து மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பிய மறுவாரமே பெயின்டரை வரச் சொல்வது கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பழகிப்போன விஷயம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். குழந்தையோடு திரும்பி வர மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ ஆகும். அதற்குள் சுவருக்குப் பட்டி பார்த்து, ஜன்னலுக்குப் புது எனாமல் அடித்து, ஓர் அறையை ‘பாப்பா ரூம்’ ஆக்கிவிட வேண்டும். தனியார் வேலையில் இருக்கும் அப்பாக்களுக்குச் சட்டப்படி பிரசவ விடுப்பு எதுவும் கிடையாது. அதனால் சனி, ஞாயிறில் வீட்டு வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் பலருக்குக் கையில் கிடைக்கும் ஒரே பொறுப்பு.

“மாசமா இருக்கறப்ப வீட்டை இடிச்சுக் கட்டக் கூடாதுங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்லும் சாஸ்திரக் காரணம் ஒருபுறம் இருக்கட்டும். வேதியியலிலும் ஒரு காரணம் இருக்கிறது: பழைய பெயின்ட் தூசியில் உள்ள ஈயம்.

ஈயம் என்றதும் அடுக்களையில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகம் வரலாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். (அதில் மலிவுக்காகக் கலப்படம் நடந்தால் மட்டுமே சிக்கல்.) நாம் பேசுவது காரீயம். பேட்டரியில் இருப்பது, 2000-ம் ஆண்டு வரை நம்மூர் பெட்ரோலிலும் இருந்தது.

பெயின்டில் ஏன் ஈயம் வந்தது?

பளிச்சென்ற நிறம், சீக்கிரம் காயும் தன்மை, துருப் பிடிக்காத இரும்பு. இந்த மூன்றுக்காகவும் பெயின்டில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. கதவு, ஜன்னல், கிரில், கேட்டுக்கு அடிக்கும் எனாமலில்தான் அதிகம். அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை. அந்தக் காலத்தில் நம் வீட்டு ஜன்னல்களுக்குப் பிடித்த நிறமே பச்சைதானே!

அமெரிக்கா வீட்டு பெயின்டில் ஈயத்தை 1978-ல் தடை செய்தது. இந்தியாவில் அதற்கான விதிகள் 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தன. வீட்டு உபயோக, அலங்கார பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம். அதற்கு முன் விற்ற எனாமல்களைச் சோதித்தபோது ஆயிரக்கணக்கான பிபிஎம் வந்ததும் உண்டு. ஆக, ஆர்.எஸ்.புரத்தில் தாத்தா கட்டிய வீடு மட்டுமல்ல, 2010-ல் வாங்கிய சரவணம்பட்டி ஃப்ளாட்டும் இந்தக் கணக்கில் வரும்.

சுவரில் ஒட்டியிருப்பது நமக்கு என்ன செய்யும்?

ஒட்டியிருக்கும் வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. தேய்க்கும்போதுதான் வினை. “நல்லாத் தேச்சுப் போட்டாத்தானுங்க பெயின்ட் நிக்கும்” என்று பெயின்டர் உப்புத்தாளை எடுப்பார். அவர் சொல்வது தொழில்படி சரிதான். ஆனால் உலர்ந்த மரத்தில் தேய்க்கத் தேய்க்க, இருபது முப்பது வருட எனாமல் மாவாகிக் கிளம்பும். ஜன்னல் கட்டையில், தரை இடுக்கில், மெத்தையில் படியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. ஓர் அறையில் தேய்த்தது வீடு முழுக்கப் போகும்.

ஆறேழு மாதத்தில் குழந்தை தவழ ஆரம்பிக்கும். தரையில் வைத்த கை நேரே வாய்க்குப் போகும். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்றும் சொல்கிறது. பாதிப்பு மூளைக்கு: கற்கும் திறனும் கவனமும் குறையும். வெளியே காய்ச்சல், தடிப்பு என எந்த அடையாளமும் இருக்காது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது.

கர்ப்பிணிக்கு நிலைமை இன்னும் சிக்கல். உடலுக்கு ஈயமும் கால்சியமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் எலும்பில் சேர்த்து வைக்கும். கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய ஈயமும் கூடவே வெளியே வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. இரும்புச்சத்து குறைந்தால் ஈயம் உடலில் ஏறுவதும் கூடும். நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. டாக்டர் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரையை நிறுத்தாமல் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ என்னதான் பண்றது?

முதல் விஷயம், உரியாத பெயின்டை உரிக்காதீர்கள். நன்றாக ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மேலேயே புது பெயின்ட் அடிக்கலாம். உதிர்கிற இடம், கதவும் நிலையும் உரசுகிற இடம், ஜன்னல் கட்டை ஆகியவற்றில்தான் கை வைக்க வேண்டும். அங்கேயும் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். மெஷின் வைத்து உலர் தேய்ப்பும், தீ காட்டி உரிப்பதும் வேண்டவே வேண்டாம். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அறைக் கதவு சாத்தியபடி.

பெருக்குமாறு அந்த வாரம் ஓய்வெடுக்கட்டும். ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி துடைக்க வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஹெபா வடிகட்டி உள்ளதுதான் சரி.

கழற்றிய பழைய ஜன்னல் சட்டத்தை என்ன செய்கிறோம்? கொல்லைப்புறம் அடுக்கி வைத்து, பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் வெந்நீர் காய்ச்ச அடுப்பில் வைப்போம். பெயின்ட் அடித்த கட்டையை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும். இதை ஊரில் அம்மா, மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள். அட்டத்தில் இருந்து இறக்கிய, கணவர் தூங்கிய அதே மரத்தொட்டிலும் சந்தேகத்துக்குரியதுதான். பல் முளைக்கும் குழந்தை அதன் விளிம்பைக் கடிக்கும். பழைய எனாமல் அடித்திருந்தால் சேலைத்தொட்டிலே மேல். (அதற்காகவாவது ஃபால்ஸ் சீலிங் போடும்போது தொட்டில் கொக்கியை மூடிவிடாதீர்கள். அந்தப் பலகை குழந்தை பாரம் தாங்காது.)

புது டப்பா வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்-க்குள் என்ற வாசகத்தையும் தயாரித்த மாதம், ஆண்டையும் பாருங்கள். பேர் தெரியாத சிறு கம்பெனி எனாமல்களில் விதி வந்த பிறகும் மீறல் இருப்பதை டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தொழிற்சாலைகளுக்கான பெயின்டுக்கு இந்த விதியே பொருந்தாது. “கேட்டுக்கு இது நல்லா நிக்குங்க” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றால், தேய்க்கும் வேலை நடக்கும் நாட்களிலாவது அவரைச் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். கடைசி ஈரத்துடைப்பு முடிந்த பிறகு வரட்டும்.

ஈரமாகத் தேய்த்தால் வேலை ஒன்றிரண்டு நாள் இழுக்கும், கூலி கூடும். பேரம் பேசும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தூசியை எல்லாரையும்விட அதிகமாகச் சுவாசிப்பவர் பெயின்டர் அண்ணன்தான். நல்ல மாஸ்க்கும், வேலை முடிந்து கை முகம் கழுவிச் சட்டை மாற்ற ஒரு குழாயடியும் அவருக்கு வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சட்டையோடு அவர் போய்த் தூக்குவது தன் குழந்தையை.