டெட்ராய்ட்டில் காவலரும் மக்களும்

காவலர் என்னும் சொல் காப்பவரைக் குறிக்கும். அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின மக்களுக்கோ அச்சொல் அச்சத்தையே நினைவூட்டிற்று.

1967 ஜூலை 23-ஆம் நாள் விடியுமுன், பன்னிரண்டாம் தெருவில் உரிமமின்றி நடந்த மதுக்கூடமொன்றினுள் காவலர் புகுந்தனர். வியட்நாம் போரினின்று மீண்ட இருவர்க்கு அங்கு விருந்து நடந்துகொண்டிருந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். தெருவிற் கூட்டம் திரண்டது. ஐந்து நாட் கலவரத்தில் மாண்டோர் 43 பேர். அவருள் 33 பேர் கறுப்பினத்தவர். அல்ஜியர்ஸ் என்னும் விடுதியிற் காவலர் சோதனையின்போது கறுப்பின இளைஞர் மூவர் சுடப்பட்டு இறந்தனர். வழக்குகள் நடந்தன, தண்டனை பெற்றார் ஒருவருமிலர்.

மதுக்கூடச் சோதனை ஒன்றா நகரை எரித்தது? அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968-இல் தந்த அறிக்கை இதனை ஆராய்ந்தது. கலவரங் கண்ட நகரங்களின் கறுப்பின மக்கள் கூறிய குறைகளுள் காவலர் நடத்தையே தலைமையிடம் பெற்றது. வேலையின்மையும் குடியிருப்பின் இழிநிலையும் அதனை அடுத்து நின்றன. டெட்ராய்ட் மக்களில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். காவற்படையிலோ நூற்றுக்கு ஐவரே. தம்மவர் அரிதாயிருந்த அப்படையை மக்கள் அயற்படையென எண்ணியது வியப்பன்று.

1971-இல் வழிப்பறியைத் தடுக்கவென மாறுவேடக் காவலர் குழுவொன்று அமைந்தது. அதன் குண்டுகளுக்குப் பலியானோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. அக்குழுவைக் கலைப்பதாக உறுதி கூறி 1973 தேர்தலில் வென்ற கோல்மன் யங், அந்நகரின் முதற் கறுப்பின மேயரானார். மறு ஆண்டே குழு கலைக்கப்பட்டது.