தட்டில் ஒதுக்கிய எலும்பும் ஊட்டத்தூர் மீன்பல்லியும்

சென்னைக் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கித் துண்டு போடச் சொன்னால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு வட்ட எலும்பு இருக்கும். தட்டில் ஒதுக்கிய அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அதே வடிவில், ஆனால் பல மடங்கு பெரிதாக, கல்லாகிப்போன சில எலும்புகள் 19ஆம் நூற்றாண்டில் திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர்ப் பாறைகளில் கிடைத்தன.

அவை மீனுடையவை அல்ல. இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றுடையவை. பெயருக்குப் பொருள் மீன்பல்லி. செவுள் கிடையாது, நுரையீரலால் மூச்சுவிட்டது. 1879இல் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் ஊட்டத்தூர் எலும்புக்கு 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். முதுகெலும்பை மட்டும் நம்பித் தனி இனம் என்றதைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கத் தயங்கினார்கள். நியாயம்தான். நடு எலும்பை மட்டும் காட்டி வஞ்சிரமா சூரையா என்று கேட்டால் காசிமேட்டிலேயே எத்தனை பேர் சொல்வார்கள்?

மீன்பல்லியின் உருவம் எப்படி இருந்தது என்ற புதிரை முழு எலும்புக்கூடுகள்தான் அவிழ்த்தன. இங்கிலாந்தில் கிடைத்தவற்றில் வால் எலும்பு நுனியருகே கீழ்நோக்கி மடங்கியிருந்தது; ஒடிந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் தோலின் சாயலே கல்லில் பதிந்து கிடைத்தபோது விஷயம் தெளிவானது. வால் துடுப்பு பிறைபோலச் செங்குத்தாக நின்றிருக்கிறது. மடங்கிய எலும்பு அதன் கீழ்ப்பாதியைத் தாங்கியிருக்கிறது. ஓங்கில் (டால்பின்) வாலை மேலும் கீழும் அடிக்கும். மீன்பல்லியோ வஞ்சிரத்தைப்போலப் பக்கவாட்டில் வீசி நீந்தியது. வம்சம் வேறானாலும் தண்ணீர் மூன்றையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது.

அதே ஹோல்ஸ்மாடனில் வயிற்றில் குட்டிகளோடு தாய்களும் கிடைத்தன. பங்குனி ஆமையைப்போல முட்டையிடக் கரையேற வேண்டிய பாடு அவற்றுக்கு இல்லை.

2017இல் குஜராத்தின் கச்சு பகுதியிலுள்ள லோடாய் கிராமத்தில் கிடைத்த மீன்பல்லி எலும்புக்கூடு பற்றிய ஆய்வு வெளியானது. சுமார் 5.5 மீட்டர் நீளம், ஏறத்தாழ 15 கோடி ஆண்டு பழையது. அதன் பற்கள் தேய்ந்திருந்த விதம், கடினமான ஓடுள்ள இரையைக் கடித்துத் தின்றதைக் காட்டியது.

ஊட்டத்தூர் மீன்பல்லி அதைவிட இளையது, சுமார் 10 கோடி ஆண்டு. உலகெங்கும் இந்த வம்சம் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டைனோசர்களுக்கும் முன்னதாக, அற்றுப்போனது. நம் ஊர்க் கடலில் திரிந்தவை கடைசித் தலைமுறைகளில் சில.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அந்தக் கடலின் களிமண் இன்று செம்மண் பொட்டலாகக் கிடக்கிறது. மழை அதை அரிக்கும்போது துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட் துண்டுகள் மேலே வருகின்றன. கணவாயின் பழைய உறவு, மீன்பல்லிகளின் இரை. இரை அள்ள அள்ளக் கிடைக்கிறது, தின்றவற்றின் எலும்புதான் எப்போதாவது கண்ணில் படுகிறது.