திருச்சபைத் தந்தையரை நாம் வாசிப்பது எவ்வாறு?

தண்டையார்பேட்டையில் ஊழியஞ்செய்யும் ஆயர் ஒருவர், காசிமேட்டுத் துறையில் இரவெல்லாம் உழைத்தவரையும், சரக்கு லாரி ஓட்டுநரையும், ஒப்பந்தக் கூலியாளரையும் ஞாயிறுதோறும் தம்முன் காண்கிறார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு நூல்களால் இவர்களுக்கு யாது பயன் என்று அவர் வினவுவாராயின், அது நியாயமான வினாவே.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றவேண்டும். திருமறையே அளவுகோல் எனக் கொள்ளும் நமக்குத் தந்தையரின் நூல்கள் வேண்டுவதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். சீர்திருத்தத் தலைவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. அகஸ்டினின் பெயர்தாங்கிய துறவியர் குழுவில் பயின்ற லுத்தர், ‘ஜெர்மானிய இறையியல்’ என்னும் இடைக்கால நூலை 1516-இலும், முழுமையாக 1518-இலும் பதிப்பித்தார். கால்வின் தம் நூலில் அகஸ்டினை மீண்டும் மீண்டும் சான்று காட்டுகிறார். தந்தையரைத் திருமறைக்கு மேலாக அன்று, அதனை நமக்கு முன் வாசித்த மூத்தோராகவே அவர்கள் மதித்தனர்.

அகஸ்டின் பேராயராயிருந்த ஹிப்போவும் ஒரு துறைமுக நகரே. 1981-இல் முதன்முதல் அச்சேறிய அவருடைய கடிதங்களுள் ஒன்று, நண்பர் அலிபியுவுக்கு எழுதப்பட்டது. ஆள்பிடிக்கும் வணிகர் ஏழை மக்களைக் கடத்தி, ஹிப்போத் துறையில் கப்பலேற்றிக் கடல்கடந்து விற்றமையை அதில் விவரிக்கிறார். சபையார் தலையிட்டு ஏறத்தாழ 120 பேரை விடுவித்தனர். வணிகருக்குச் செல்வாக்குடைய பாதுகாவலர் இருந்தமையால் தொல்லை அத்துடன் ஓயவில்லை. ‘அறிக்கைகள்’ நூலில் தம் உள்ளத்தை ஆராய்ந்த அதே மனிதர், துறைமுகத்தின் அநீதியையும் ஆராய்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆயினும் அவர் கூற்று அனைத்தையும் ஏற்கவேண்டுவதில்லை. ‘கடவுளின் நகரம்’ நூலில் அடிமைநிலையைப் பாவத்தின் விளைவு என்றாரேயன்றி, அதனை ஒழிக்கவேண்டும் என்றாரில்லை. அவருக்குச் சற்று முற்பட்ட நிசா நகர் கிரகோரியோ, பிரசங்கி நூலின் விளக்கவுரையில், கடவுளின் சாயலாகிய மனிதனை விலைபேசுவோரைக் கடுமையாகக் கண்டித்தார். தந்தையருள் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டு வாசிக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வொரு நூலும் எவ்வினாவுக்கு விடையாக எழுந்தது என்றும் காணவேண்டும். அன்செல்ம் 1098 அளவில் முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் நூல், கடவுளுக்குரிய மாண்பைச் செலுத்தத் தவறிய கடனாகப் பாவத்தை விளக்குகிறது. இதனைக் கந்துவட்டியில் சிக்கித் தவிப்போரிடம் விளக்கமின்றிக் கூறினால், கடவுள் இரக்கமற்ற கடன்காரராகத் தோன்றிவிடுவார். செலுத்த இயலாத மனிதருக்காகக் கடவுளே மனிதராகிச் செலுத்தினார் என்பதன்றோ அந்நூலின் முடிவு? அம்முடிவுவரை வாசியாதவர் பாதிப் பொருளையே போதிப்பார்.

தொடங்குவோருக்கு அத்தனாசியஸின் சிறுநூலாகிய ‘வார்த்தையானவர் மனுவுருவானது’ ஏற்றதாகும். நம் பிரசங்கங்களில் ‘அவதாரம்’ என்னும் சொல் எளிதில் வந்துவிடுகிறது. சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய வி. சக்கரைச் செட்டியார் அச்சொல்லைத் துணிந்து ஆண்டார். ஆனால் கிறிஸ்துவின் அவதாரம் வந்து மறைவதன்று, நிலையானது என்று வேறுபடுத்தினார். அத்தனாசியஸ் தரும் உவமை இங்கே துணைசெய்யும். பலகையில் தீட்டிய ஓவியம் கறைபட்டு அழிந்தால், அதே பலகையில் மீண்டும் தீட்டுவதற்கு ஓவியத்துக்குரியவரே வந்து அமரவேண்டும் என்கிறார். பலகை எறியப்படுவதில்லை. உழைத்துத் தேய்ந்த உடலைக் கடவுள் பயனற்றதென ஒதுக்குவதில்லை. அதனையே புதுப்பிக்கிறார் என்பது தண்டையார்பேட்டைக்கும் நற்செய்தியன்றோ?

ஆகவே, துணுக்குகளைப் பொறுக்கி மேற்கோளாக்கும் பழக்கத்தை விட்டு, ஆண்டுக்கு ஒரு சிறுநூலையேனும் முழுமையாக வாசிப்போம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள ஆயர்கள் நால்வர் ஐவராகத் தவக்காலத்தில் கூடி வாசித்தல் நன்று. வாசித்ததைத் திருமறையோடு ஒப்பிட்டு, பின்னர் சபையார் நடுவில் நின்று சோதிப்போம். அங்கே உயிர்பெறும் வார்த்தையே நம் கைக்கு வந்த உண்மையான மரபு.