அஸ்ஸாம் மாதர் காத்த பறவை

பிரமபுத்திரா நதி பாயும் அஸ்ஸாமில் ‘ஹர்கிலா’ என்றொரு பக்ஷி உண்டு. எலும்பை விழுங்குவது என்பது அப்பெயரின் பொருள். நாரை ஜாதியைச் சேர்ந்தது. ஏறக்குறைய 5 அடி உயரம் நிற்பது. சிறகை விரித்தால் 8 அடி அகலம். தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. கழுத்தின்கீழ்த் தோற்பை ஒன்று தொங்கும். செத்த பிராணிகளின் மாமிசமும், நீர்நிலை மீன்களும், குப்பைமேட்டு எச்சங்களும் அதன் ஆகாரம். கண்டவர் முகஞ்சுளிக்கும் இப்பறவையைப் பற்றி இப்பத்தியில் எழுதுவானேன் என்று நேயர்கள் வியக்கலாம். அழிந்தே போகுமோ என்று அறிஞர் அஞ்சிய ஒரு ஜீவராசி, காம்ரூப் ஜில்லாவின் மூன்று கிராமங்களில், குடும்ப ஸ்திரீகளின் சிரத்தையினால் பெருகி வருகிறது என்பதே காரணம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கல்கத்தா நகரின் மாடிச் சுவர்களில் இப்பறவைகள் கூட்டங்கூட்டமாய் வீற்றிருந்தன. நகரத்துக் கழிவைத் தின்று தீர்த்தமையால் தோட்டிக்கு நிகராக அவற்றை மதித்தார்கள். கொன்றவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது சிறு தொகையன்று. நகராட்சியின் பழைய இலச்சினையிலும் இரண்டு ஹர்கிலாக்கள் இடம்பெற்றன. இவ்வளவு மரியாதையும் பயன்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவை கல்கத்தாவை விட்டே மறைந்தன. பர்மாவின் சித்தாங் நதிப் பிரதேசத்தில் கூடுகட்டி வந்த பெருங்கூட்டங்களும் இல்லாமற் போயின. உண்ணுமிடத்தில் பறவையைக் காத்தது சட்டம். அது குஞ்சு பொரிக்கும் மரத்தைக் காப்பார் எவருமில்லை.

அஸ்ஸாமில் இம்மரங்கள் நிற்பது சர்க்கார் காட்டிலன்று. கிராமத்தார் வீட்டுக் கொல்லைகளிலே. ஓங்கி வளர்ந்த கடம்பும் இலவும் ஹர்கிலாவுக்கு உகந்தவை. பனிக்காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பறக்கும்வரை பல மாதம் தங்கும். அத்தனை நாளும் அழுகிய மாமிசத் துண்டும், எலும்பும், நாற்றமெடுத்த எச்சமும் முற்றத்தில் விழுந்தவண்ணமிருக்கும். தான் குடியிருக்கும் வீட்டின் தலைமேல் இத்தொல்லையை எவன் விரும்புவான்? கூடு உள்ள காலத்தில் சட்டத்தைக் காட்டித் தடுத்தாலும், கூடு காலியான மாதங்களில் சொந்த மரத்தின்மேல் விழும் கோடாலியை எந்த அதிகாரி தடுப்பான்?

2007ஆம் ஆண்டில் தாதரா கிராமத்தில் அப்படி ஒரு மரம் வெட்டுண்டது. கூடுகளோடு ஒன்பது குஞ்சுகள் தரையில் விழுந்தன. இப்பறவையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஸ்ரீமதி பூர்ணிமா தேவி பர்மன் அங்கே போய்க் கேட்டபோது, கிராமத்தார் அவரைச் சூழ்ந்துகொண்டு பரிகசித்தனர். அவ்வளவு அன்பிருந்தால் எங்கள் முற்றத்தை வந்து சுத்தம் செய்வதுதானே என்றனர். கேலியேயானாலும் அக்கேள்வியில் நியாயம் இருந்தது என்பது நமது அபிப்பிராயம். அவரும் அதை அவ்வாறே கொண்டார்போலும். பட்டத்துக்குரிய ஆராய்ச்சியைப் பல ஆண்டு ஒத்திவைத்து, ‘ஆரண்யக்’ என்னும் லாபநோக்கற்ற ஸ்தாபனத்தின் சார்பில் வீடுவீடாகப் போகத் தொடங்கினார். 2019இல்தான் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் கைக்கொண்ட வழி கவனிக்கத்தக்கது. மகாநாடு கூட்டி உபந்நியாசம் செய்யவில்லை. சமையற் போட்டி வைத்தார். கோயிற் பஜனைகளில் கலந்துகொண்டார். பெண்கள் கூடுமிடங்களில் தாமும் கூடிப் பேச்சினிடையே பறவையைக் கொணர்ந்தார். கருவுற்ற பெண்ணுக்குச் சடங்கு செய்வதுபோல ஹர்கிலாவுக்கும் பருவத்தில் வளைகாப்புக்கு ஒப்பான வைபவம் நடத்தினார்கள். நம்மில் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் தாய்மையை அறிந்தவர்களுக்கு வேறு வியாக்கியானம் வேண்டியிருக்கவில்லை. அம்மாதர்கள் ‘ஹர்கிலா சேனை’ என்று பெயர் பூண்டார்கள். கூடுள்ள மரங்களின்கீழ் வலை கட்டி, காற்றில் தவறி விழும் குஞ்சுகளைத் தாங்கிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். தறியிலே தாங்கள் நெய்யும் வஸ்திரங்களில் இப்பறவையின் உருவத்தையே பொறித்து விற்று வரும்படியும் கண்டார்கள். மூங்கிலால் உயர்ந்த மேடை அமைத்து அதில் கூடுகட்ட வசதி செய்தபோது, 2019இல் அங்கும் குஞ்சு பொரித்தது.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. தாதரா, பசரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று கிராமங்களிலும் முதலில் 28 கூடுகளே இருந்தன. 2022க்குள் 250க்கு மேலாயின. சேனையில் பதினாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் உள்ளனர். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 2022இல் ஸ்ரீமதி பர்மனுக்குத் தன் சுற்றுச்சூழல் விருதை அளித்தது. அழியும் நிலையிலுள்ளவை என்ற ஜாபிதாவில் இருந்த இப்பறவை, 2023இல் அபாயம் சற்றுத் தணிந்த வகுப்புக்கு மாற்றப்பட்டது. இப்பெருமையில் பீகாருக்கும் பங்குண்டு. பாகல்பூர்ப் பிரதேசத்தில் 2006இல் இதன் கூடுகள் கண்டறியப்பட்டன. அங்கே ஜனங்கள் இதனைக் கருடனாகவே பாவிக்கிறார்கள். ஓரிடத்தில் எலும்பு விழுங்கி, மற்றோரிடத்தில் மகாவிஷ்ணுவின் வாகனம்!

நமது செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கலிலும் கிராமத்தார் நெடுங்காலமாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். 1798லேயே கலெக்டரிடம் உரிமைப் பத்திரம் பெற்றனர். ஆனால் அங்கே பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. அஸ்ஸாம் கிராமத்தானுக்கோ கிடைப்பது நாற்றமே. மரத்தை விற்றிருந்தால் வந்திருக்கும் பணமும் நஷ்டம். பெருமையைத் தேசம் எடுத்துக்கொண்டு சுமையை ஓர் ஏழைக் குடியானவன் தலையில் வைப்பது தர்மமாகாது. கூடுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் அதன் சொந்தக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சர்க்கார் அளிப்பதே நியாயம்.

இன்னொரு காரியமும் உண்டு. அது கிராமத்தார் கையில் இல்லை. குவாஹாத்தி நகரை ஒட்டிய தீபோர் பீல் என்னும் பெரிய நீர்நிலை, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 2002இல் அங்கீகரிக்கப்பட்டது. அதன் அருகிலேயே போராகாவில் பல ஆண்டுகளாக நகரக் குப்பை கொட்டப்பட்டது. மீன் பிடித்துண்ண வேண்டிய பறவைகள் நூற்றுக்கணக்கில் அக்குப்பைமேட்டில் இரை தேடி நின்றன. கூட்டிலே தாய்மார் காத்த குஞ்சு பறந்துபோய் உண்பதற்குச் சுத்தமான நீர்நிலை வேண்டும். தீபோர் பீலின் எல்லையைச் செவ்வையாக அளந்து கல் நாட்டவும், நகரக் கழிவுநீர் அதில் கலவாமல் தடுக்கவும் அஸ்ஸாம் சர்க்கார் முற்படுமாறு கோருகிறோம்.