உங்களுக்குத் தெரியுமா? குழல் வாத்தியார்களின் காகிதக் கட்டு

உப்பிலியபுரத்திலிருந்து தெற்கே போனால் முசிறி. அந்தப் பெயரைச் சொன்னதும் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரின் குரல்தான் நினைவுக்கு வரும். அவர் நிர்வாகியும்கூட. 1949-இல் சென்னையில் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வர் அவர்தான். அங்கே புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை.

சுவாமிநாத பிள்ளை நாதசுர வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா நடராஜசுந்தரம் பிள்ளை, முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு 1936-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அபூர்வ உருப்படிகளை வெளியே விடாமல் பொத்திவைத்திருந்த வித்வான்கள் நிறையப் பேர் இருந்த காலம் அது. நாதசுரச் சீவாளி பிடித்த கை அச்சகத்துக்கும் போனது லேசான காரியமில்லை.

சுவாமிநாத பிள்ளையின் சீடர் டி. விசுவநாதன்; வீணை தனம்மாளின் பேரன், பாலசரசுவதியின் தம்பி. 1958-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் போனார். திரும்பி வந்து 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவர். பிறகு மறுபடியும் அமெரிக்கா. 1975-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2002-இல் காலமாகும்வரை அங்கேயே ஆசிரியர். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நாம் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் இவரிடம் பாடம் கேட்டவர்தான்.

விசுவநாதனின் முனைவர் பட்ட ஆய்வேடு எதைப் பற்றி? ராக ஆலாபனை. தாளில் ‘க’ என்று ஓர் எழுத்து எழுதிவிடலாம். தோடியில் வாசிக்கும்போது அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்குமா? கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு ஆடும். நம் வழக்கமான சுரக்குறிப்பில் இந்த ஆட்டம் வராது. குருவிடம் கேட்டவனுக்குத்தான் தெரியும். கேட்காதவனுக்கும் தெரியும்படி அதை எழுதிக்காட்டப் பார்த்தார் விசுவநாதன். கச்சேரியிலோ, குழலால் சாகித்தியத்தைச் சொல்ல முடியாதே என்று, நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டுப் பாடவே ஆரம்பித்துவிடுவார்!

வெஸ்லியனில் 1976 முதல் நவராத்திரி விழா நடக்கிறது. அங்குள்ள உலக இசைக் காப்பகத்தில் இப்படிப்பட்ட கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். நம்மூரில் கச்சேரி முடிந்ததும் நோட்டீஸில் சுண்டல் மடிப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் விசுவநாதனுக்கு முன் இசைத்துறைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் பி. சாம்பமூர்த்தி. 1931-இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேல்நாட்டு இசை கற்றார். அங்கே குழலும் பயின்றார். ‘தென்னிந்திய இசை’ பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆறு பாகங்கள் இல்லாமல் இசைத் தேர்வுக்குப் படித்தவர்கள் குறைவு.

குழல் ஆசிரியர் வேலைக்கு என்ன தகுதி வேண்டும்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதையும் சொல்லிவைத்திருக்கிறது. ஆடல், இசை, தண்ணுமை, யாழ் ஆசிரியர்களோடு குழலாசிரியனுக்கும் தனி இலக்கணம் உண்டு. குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகும் என்று பட்டியல் போடுகிறார் அதன் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். சுவடியில் கிடந்த இந்த உரையை உ.வே.சாமிநாதையர் 1892-இல் அச்சில் ஏற்றினார். இல்லையென்றால் செல்லரித்துப் போயிருக்கும்.

குழலிலிருந்து நாதசுரத்துக்கு, திருவரங்கத்துக்கு வருவோம். ஆந்திரத்துக் கரவதியில் 1924-இல் பிறந்த நாதசுர வித்வான் ஷேக் சின்ன மௌலானா, தஞ்சை பாணியின் மேல் ஆசைப்பட்டு நாச்சியார்கோவிலில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். பிறகு அரங்கனின் ஊரிலேயே குடியேறி, 1982-இல் சாரதா நாதசுர சங்கீத ஆசிரமம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் இல்லை, துறைத்தலைவர் பதவி இல்லை. ஆனால் சங்கீத கலாநிதி விருது 1998-இல் வீடு தேடி வந்தது. பேரன்கள் காசிம், பாபு இருவரும் அவரிடம் பழகி மேடையேறியவர்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் சுரக்குறிப்பு நோட்டு இருக்கலாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள்; பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். குண்டூசியை உருவிவிடுங்கள், துருப்பிடிக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பேனாவால் அல்ல, பென்சிலால்.