பாறையிடம் செல்லாத அதிகாரம்

1930இல் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் புது விதி கொண்டுவந்திருந்தது. கைரேகை வைப்பது அன்று குற்றவாளிக்கான நடைமுறை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், ஊரில் பண்ணையாரின் பிடியை உதறிவிட்டு வந்தவர்கள். இங்கும் திருடனைப் போல நடத்தப்படுவதை அவர்கள் பொறுக்கவில்லை. பல நாள் வேலை நின்றது.

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கம் இது. தங்கம் களவு போகும் என்ற பயம் நிர்வாகத்தை விடவே இல்லை. ஆளை எண்ணுவது, சோதிப்பது, அடையாளம் பதிவது என்று கண்காணிப்பு முழுவதும் மனித உடம்பின் மேலேயே விழுந்தது.

பூமிக்கு அடியில் கதையே வேறு. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். தாதுவை வெட்டி எடுத்த இடம் வெற்றிடமாகிவிட, அது தாங்கியிருந்த பாரமெல்லாம் பக்கத்துப் பாறையின் மேல் ஏறும். தாங்க முடியாதபோது பாறை வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீட்டுச் சுவர்கள்கூட அதிரும். இதை அதட்டி அடக்க முடியாது. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்று வரிசை வகுத்தார்கள். வெற்றிடங்களில் கருங்கல் சுவர் எழுப்பினார்கள். பின்னாளில் அதிர்வுக் கருவிகள் பொருத்தினார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இங்கே தொடங்கப்பட்டதற்கும் இந்த அனுபவமே அடிப்படை.

கருவிக்கு முன்பே காது இருந்தது. தொழிலாளர்கள் இரும்புக் கம்பியால் கூரைப் பாறையைத் தட்டுவார்கள். கணீரென்று கேட்டால் உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அந்தக் கல்லை முதலில் இறக்கிவிட வேண்டும். உயிரைக் காத்த கட்டுப்பாடு அந்தத் தொழிலாளியின் கையில் இருந்தது. அவனிடம்தான் கைரேகை கேட்டார்கள்.

நிர்வாகத்தின் ஐந்து பணிகளில் ஒன்றாகக் கட்டுப்பாட்டை 1916இல் வகுத்துச் சொன்ன ஹென்றி ஃபயோலும் சுரங்கப் பொறியாளர்தான். பிரான்சின் கொமான்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வளர்ந்தவர். போட்ட திட்டப்படி வேலை நடக்கிறதா, பிழை எங்கே என்று பார்த்துத் திருத்துவது அவர் சொன்ன கட்டுப்பாடு. தங்கவயல் நிர்வாகம் பாறையிடம் அப்படித்தான் நடந்துகொண்டது: கவனித்தது, கேட்டது, தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. அந்தப் பொறுமையில் பாதியையாவது மனிதனிடம் காட்டியிருக்கலாம். பிள்ளையின் செல்போனைத் துருவிப் பார்த்துவிட்டு, அவன் ஏன் பேசுவதில்லை என்று கேட்காத வீடுகளிலும் இதே கோளாறுதான்.

பின்னாளில் இந்தச் சுரங்கத்தை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அடியில் தண்ணீர் ஏறியது. ஊரின் ஆண்களும் பெண்களும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண், சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேட்டை எப்போது, எப்படிக் கிளறுவது, தூசியை யார் அளப்பது, வேலை யாருக்கு என்று முடிவெடுக்கும் இடத்தில் தங்கவயலின் மாரிகுப்பத்துக்காரர்களும் ஆண்டர்சன்பேட்டைக்காரர்களும் உட்கார வேண்டும்.